வலி நின்ற பல்

சோணைமுத்துவின் கடவாய்ப்பல்லில் வலி நின்றது போன மிளகாய் எடுப்பின்போது. அதற்கு முன்னால் அவர் பட்ட பாடு தெருவுக்கே தெரியும். கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, களத்தில் காய்ந்துகிடந்த குண்டு மிளகாயைத் துழாவிக்கொண்டே முனகுவார். பல்லிடுக்கில் கிராம்பு வைத்தார். உப்பையும் புகையிலையையும் கசக்கி அடக்கினார். யாரோ சொன்னார்கள் என்று எருக்கம்பாலைத் தொட்டு வைத்தார். ஈறு வெந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில், சிக்கல் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்திருந்த பல்லுப்பூச்சி எடுக்கிறவனிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

அந்த ஆள் நெருப்பில் கண்டங்கத்திரி விதையைப் போட்டான். மேலே சிரட்டையைக் கவிழ்த்து, அதன் கண்ணில் பப்பாளிக் குழலைச் செருகி, வந்த புகையை வாய்க்குள் இழுக்கச் சொன்னான். சோணைமுத்து இருமி, கண்ணில் நீர் கொட்டி, தண்ணீர்க் கிண்ணத்தில் கொப்பளித்துத் துப்பினார். கிண்ணத்தில் வெள்ளையாக, குருணை அரிசி மாதிரி என்னவோ மிதந்தது.

"பாத்துக்கங்கய்யா. குடும்பத்தோட குடியிருந்துருக்கு" என்றான் அவன்.

சில நாளில் வலி நின்றுவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில், கம்மாய்க்கரையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சோணைமுத்து அதைச் சொல்லிவந்தார். "டாக்டருட்டப் போனா புடுங்கணும்பான். நமக்கு ஒத்தப் பொகையில போச்சு."

காலையில் எழுந்தால் வாயில் உப்புக் கரித்தது. ஈறில் ஒரு கொப்புளம் கிளம்பும், உடையும், மறுபடி கிளம்பும். துப்பிவிட்டுப் போய்விடுவார். சோற்றை வலது பக்கமாகவே ஒதுக்கி மென்று பழகிக்கொண்டார். பச்சை வெங்காயத்தைக் கடிப்பதை நிறுத்தினார். முறுக்கை விட்டார். கறி என்றால் சாறு மட்டும். வலிக்கவில்லை, அதனால் அவர் கணக்கில் பல் நன்றாக இருந்தது.

வேறு ஒரு காலமாக இருந்தால் அவர் மனைவி பஞ்சம்மாள் கண்டுபிடித்திருப்பாள். ஒரு பீடியைத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு அவர் தெருமுனையில் திரும்பும்போதே, "இன்னைக்கி எந்தக் கடையில வாங்குனீக?" என்று கேட்கிற மூக்கு அவளுக்கு. கொரோனாக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து அது வேலை செய்யவில்லை. காய்ச்சல் போனது, மூக்கு திரும்பி வரவில்லை. பால் தீய்ந்தாலும் கருவாடு வறுத்தாலும் அவளுக்கு ஒன்றுதான். மகன் வசந்தகுமார் ராமநாதபுரத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஒருவருக்கு வலிக்கவில்லை. இன்னொருவருக்கு வாசம் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் பேத்தி பிறந்தாள்.

மருமகள் கவிப்ரியா பிள்ளையோடு திருப்புல்லாணியில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். சேதி வந்த அன்று சோணைமுத்து தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தார். ஆடு மேய்க்கப் போனவர்களைக் கூப்பிட்டு நிறுத்திக் கொடுத்தார். பிள்ளையைப் பார்க்கப் போனபோது புது வேட்டி, கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். பழம் யாருக்கு என்று பஞ்சம்மாள் கேட்டதற்கு, சீப்பைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பிள்ளை தொட்டிலில் கிடந்தது. உள்ளங்கை அளவு முகம். நெற்றியில் பூனைமுடி. விரல் நகம் ஒவ்வொன்றும் மிளகாய் விதை மாதிரி. சோணைமுத்து தொட்டில் சேலையை விலக்கி, குனிந்து, "ஏ ராசாத்தி, இங்கன பாரு, தாத்தா வந்துருக்கேன்" என்றார். பிள்ளை முகத்தைச் சுளித்து வீரிட்டது.

கவிப்ரியா அவசரமாக வந்து பிள்ளையைத் தூக்கித் துண்டால் போர்த்திக்கொண்டாள். "பசிக்கிது போல மாமா. நான் உள்ள கொண்டு போறேன்."

மறுதடவை போனபோது பிள்ளை தூங்கியது. அதற்கு மறுதடவை, சளி பிடித்திருக்கிறது, வெளியாட்கள் தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். அவள் அப்பா தங்கப்பாண்டி அந்த நேரம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். சோணைமுத்து வாசற்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது பஞ்சம்மாள் கேட்டாள். அவள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள், உச்சந்தலையில் மூக்கை வைத்து உறிஞ்சிக்கூடப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஏங்க, புள்ள வாசம் எப்பிடி இருந்துச்சு?"

"தெரியல" என்றார்.

"பக்கத்துல போனீகள்ல?"

"போகல."

அவர்கள் வீட்டு வழக்கம், மூன்றாம் மாதம் பேர் வைக்கும்போது அப்பனைப் பெற்றவர்தான் பிள்ளையை மடியில் வாங்கிக் காதில் மூன்று தடவை பேரைச் சொல்வது. வசந்தகுமாருக்குச் சொன்னது சோணைமுத்துவின் அய்யா. சோணைமுத்துவுக்கு அவர் தாத்தா. இப்போது பேர் யுவராணி என்று முடிவாகியிருந்தது. அந்தப் பேரை அவர் வயலில் தனியாக நிற்கும்போது சொல்லிப் பார்த்திருந்தார். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் மகன் போன் பண்ணினான்.

"அய்யா, பேரு வந்து... கவிப்ரியா அப்பா சொல்லட்டும்ங்கிறாக. அவுக வீட்ல வச்சு நடக்குதுல்ல, அதான்."

"சரிப்பா."

"வருத்தமில்லையே?"

"என்ன வருத்தம். சரிப்பா."

அவருக்கு வருத்தம் என்று ஒன்றும் வரவில்லை என்பதுதான் உண்மை. போனை மடியில் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எதிரில் செடிகள் நின்றன. தண்ணீர் ஓடியது. வாய்க்காலை மாற்றிவிட வேண்டும் என்று தெரிந்தது, எழுந்து போக வேண்டும் என்று தோன்றவில்லை. தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பஞ்சம்மாள்தான் குதித்தாள். "அதென்ன அவரு சொல்றது? நம்ம வீட்டுப் புள்ளையில்ல? நம்ம என்ன செத்தா போயிட்டோம்?"

"விடு."

"என்ன விடு? போயிக் கேளுங்க."

"விடுங்கிறேன்ல." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு நாள், ஹமீது மிளகாய் விலை பேச வந்தான். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஒன்றாகப் படிப்பை நிறுத்தியவர்கள். ஹமீது மிளகாய் வாங்கி விற்கிற வியாபாரி. இரண்டு வருஷமாகப் பல்செட்டு மாட்டியிருந்தான், அதனால் முன்னைவிட அதிகமாகச் சிரித்தான். சாக்கில் கைவிட்டு மிளகாயை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம், சோணைமுத்து பக்கத்தில் குனிந்து பேர் வைக்கிற விஷயத்தைச் சொன்னார். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், பக்கத்து ஊர்ச் சேதியைப் போலச் சொன்னார்.

ஹமீது ஓரடி பின்னால் போனான். சோணைமுத்து ஓரடி முன்னால் வந்தார். ஹமீது மறுபடி பின்னால் போய்ச் சாக்கில் முட்டிக்கொண்டான்.

"ஏலே சோணை, நில்லு. அங்கனயே நில்லு. நான் ஒன்னு கேக்கவா?"

"கேளு."

"ஒன் வாய்க்குள்ள எலி கிலி செத்துக் கெடக்காலே?"

சோணைமுத்துவுக்கு விளங்கவில்லை.

"நாறுதுலே. இன்னைக்கி நேத்து இல்ல, ரொம்ப நாளா. டீக்கடையில நீ வந்து உக்காந்தா கூத்தையா எந்திரிச்சுப் போறான்ல, ஒனக்குத் தெரியலயா? நான் ஒன்னய எதுக்க உக்கார வச்சுத்தான் பேசுறேன், பக்கத்துல உக்கார வைக்கிறதில்ல."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஒனக்குத்தான் தெரியாது."

"பஞ்சம்மா ஒன்னும் சொல்லலயே."

"அவுகளுக்குத்தான் மூக்கு செத்துப் போச்சே, எங்கிட்டு சொல்லுவாக?" ஹமீது குரலைத் தாழ்த்தினான். "பச்சப்புள்ளட்ட இந்த வாயோட குனிஞ்சா எந்தத் தாயிலே விடுவா? மாமனாருட்ட நாறுதுன்னு எந்த மருமவ சொல்லுவா?"

சோணைமுத்து சாக்குக் கட்டுகிற சணலை எடுத்து விரலில் சுற்றினார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மகன் தோளுக்கு மேல் பேசும்போதெல்லாம் அவன் ஏன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டினான் என்பது இப்போது தெரிந்தது. ரோட்டைப் பார்க்கிறான் என்று நினைத்திருந்தார்.

"பூச்சியெல்லாம் எடுத்தாச்சே ஹமீது. வலியே இல்லையே."

"கெளம்புலே, வாயப் பொத்திக்கிட்டு."

ஹமீதின் தம்பி மகள் சஃபா ராமநாதபுரத்தில் பல் டாக்டராக இருந்தாள். ஹமீதுக்குப் பல்செட்டு வைத்தவளும் அவள்தான். சாய்வு நாற்காலியில் சோணைமுத்துவைப் படுக்கவைத்து, விளக்கை இழுத்து, முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து, "அய்யா, ஆ காட்டுங்க" என்றாள்.

ஒவ்வொரு பல்லாக ஒரு சின்னக் கம்பியால் தட்டினாள். ஜில்லென்று எதையோ வைத்தாள். "கூசுதா?"

"கூசுது."

"இது?"

"இல்ல. அது நல்லாருக்கும்மா. அதுலதான் பூச்சி எடுத்தது."

சஃபா தன் பெரியத்தா ஹமீதைப் பார்த்தாள். அவன் மேலே ஓடிய விசிறியைப் பார்த்தான்.

"அய்யா, வலி நின்னது நல்லதுக்கில்ல. வேருக்குள்ள இருக்க நரம்பு செத்துப்போச்சு, அதான் வலிக்கல. செத்த பல்லுல சீழ் பிடிச்சு எலும்பு வரைக்கும் போயிருக்கு. அந்தக் கொப்புளம் ஒடைஞ்சு ஒடைஞ்சு வர்றது அதுதான். பக்கத்துப் பல்லும் போயிருச்சு. ஈறு முழுக்க வீங்கியிருக்கு. சக்கரை இருக்கா?"

"இருக்கு. மாத்திர போடுறேன்."

"கொறையுதா?"

"கொறையலன்னு சொல்றாக."

"வாயில புண்ண வச்சுக்கிட்டு அது எப்பிடிக் கொறையும்? சக்கரை இருந்தா ஈறு கெடும், ஈறு கெட்டா சக்கரை கூடும். மெல்ல முடியாம எதெதை விட்டீங்க சொல்லுங்க?"

அவர் யோசித்தார். வெங்காயம், முறுக்கு, கறி, கடலை, கொய்யா என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்ப அந்தப் பூச்சி?" என்று கேட்டார்.

"பல்லுல பூச்சியே கெடையாது அய்யா. அந்த வெதை சூட்டுல வெடிச்சு உள்ள இருக்க முளை வெளிய வந்து பொகையோட வாய்க்குள்ள போயிரும். அதத்தான் காட்டியிருக்காங்க."

ஹமீதால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மொளகா வெத போட்டு மொளைக்க வைக்கிற ஆளுலே நீ! கத்திரி வெத தெரியலயா ஒனக்கு?"

சோணைமுத்து சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

சீழ் வற்ற மாத்திரை கொடுத்து, சர்க்கரை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பி, சர்க்கரை ஓரளவு இறங்கிய பிறகு சஃபா அவரை மறுபடி வரச்சொன்னாள். ஊசி போட்டாள். முதலில் நாக்கின் ஓரம் போனது, பிறகு உதடு, பிறகு கன்னம். விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போலிருந்தது.

"ஒதடு இருக்கா?" என்று குழறினார்.

"இருக்குலே. எங்க போயிரப்போகுது" என்றான் ஹமீது.

நெறுநெறுவென்று சத்தம் மண்டைக்குள் கேட்டது. தாடையைப் பிடித்து யாரோ அசைக்கிறார்கள் என்பது தெரிந்தது, வலி இல்லை. டணங்கென்று தட்டில் எதுவோ விழுந்தது. சஃபா அதைக் காட்டினாள். கறுத்த வேர், நுனியில் சின்னப் பை போல ஒரு சதை. இன்னொரு டணங். அவ்வளவுதான். இதைத்தான் இத்தனை மாதமாக வாயில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பேசித் திரிந்திருக்கிறார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு ஹமீதோடு பஸ்ஸில் உட்கார்ந்தார். உதட்டோரம் எச்சில் வழிந்தது அவருக்குத் தெரியவில்லை. ஹமீது தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு அதை ஜன்னல் பக்கம் காயப்போட்டான். தொட்டில் சேலை, கவிப்ரியாவின் துண்டு, வாசற்படியில் குடித்த காப்பி, கூத்தையா எழுந்து போன பெஞ்சு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன, போயின. பல் எடுத்த பக்கம் மரத்துக்கிடந்தது. மற்றப் பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் பஞ்சம்மாள் கூழ் கரைத்துக்கொண்டிருந்த கையோடு அப்படியே நின்றாள். "ஒங்க பக்கத்துலதான படுக்குறேன். தெனமும் எங்கையால சோறு போட்டு எதுக்க உக்காந்துருக்கேன். எனக்குத் தெரியலயே. இந்த மூக்கு இருந்துருந்தா ஒங்கள விட்டுருப்பேனா?"

"நீ என்ன செய்வ."

அவள் கூழை ஆற வைத்துக் கொடுத்தாள். அவர் வலது பக்கமாகக் குடித்தார்.

புண் ஆறியது. ஆறி முடிந்ததும் அந்த இடத்துக்குப் பல்செட்டு அளவெடுக்கலாம் என்று சஃபா சொல்லியிருந்தாள். மிச்சமிருக்கிற பல்லையாவது காப்பாற்றுங்கள், ராத்திரி படுக்கும்போதும் விளக்குங்கள், செங்கல் பொடியைக் கையால் தொடாதீர்கள், சாப்பிட்டதும் கொப்பளியுங்கள் என்றாள். அவர் எல்லாவற்றையும் செய்தார். செய்யச் சொன்னதால் செய்தார். வெந்நீரில் உப்புப் போட்டு, முற்றத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கொப்பளிப்பார்.

பேர் வைக்கிற நாள் காலையில் நேராக ஹமீது வீட்டுக்குப் போனார்.

"என்னலே விடியக்காலையில?"

"பாத்துச் சொல்லு."

"என்னத்தப் பாக்க?"

"ஊதுறேன். பாத்துச் சொல்லு. வீட்ல கேக்க ஆளில்ல."

ஹமீது சிரிக்க வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பக்கத்தில் வந்து, மிளகாய்த் தரம் பார்க்கிறபோது நிற்பது போல, கண்ணை மூடி நின்றான். சோணைமுத்து ஊதினார்.

"இன்னொருக்கா."

ஊதினார்.

"வெறும் பேஸ்ட்டு வாசந்தாம்லே. போ. போயி புள்ளயப் பாரு."

ராமநாதபுரத்தில் பஞ்சம்மாளை உறவுக்காரர்களின் வேனில் ஏற்றிவிட்டு, சோணைமுத்து மகனின் வண்டியில் ஏறினார். பழக்கத்தில் வாயைக் கையால் பொத்தியிருந்தார். திருப்புல்லாணி ரோட்டில் பாதிதூரம் போனதும் மகன் கேட்டான்.

"என்னய்யா பேசாம வாரீக?"

"பல்லப் புடுங்கியாச்சு வசந்தா. ரெண்டு பல்லு. செத்துப்போன பல்லாம்."

வண்டியின் வேகம் குறைந்தது.

"எங்கிட்ட யாருப்பா சொல்லணும், நீ சொல்லாம?"

வசந்தகுமார் வண்டியை ஓரமாக நிறுத்தினான். திரும்பவில்லை. "எப்பிடிய்யா சொல்றது? பெத்த தகப்பன்ட்ட. நான் அவகிட்ட நீ சொல்லுன்னேன், அவ எங்கிட்ட நீங்க சொல்லுங்கன்னா. பேரு சொல்றதுக்குக் காதுக்குள்ள வாய வச்சாகணும், அதான்..."

"சரி, விடு. வண்டிய எடு."

வசந்தகுமார் எடுத்தான். இந்தத் தடவை அவன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பாமல் ஓட்டினான். சோணைமுத்து கையை வாயிலிருந்து எடுத்தார்.

வீட்டில் கூட்டம். சோணைமுத்து சுவரோரமாக, ஆட்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். வசந்தகுமார் உள்ளே போய் மனைவியிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. பாயில் தங்கப்பாண்டி சம்மணம் போட்டு உட்கார, பிள்ளையை அவர் மடியில் கிடத்தினார்கள். மஞ்சள் சட்டை, நெற்றியில் மை, கையில் வசம்பு வளையம். தங்கப்பாண்டி குனிந்தார்.

"யுவராணி."

கவிப்ரியா நிமிர்ந்து கூட்டத்துக்குள் தேடினாள்.

"யுவராணி" என்றார் தங்கப்பாண்டி இரண்டாவது தடவை. மூன்றாவதற்கு மூச்சை எடுத்தார்.

"அப்பா, நில்லுங்க." கவிப்ரியா கையை நீட்டித் தடுத்தாள். "மூணாவது தடவ மாமா சொல்லட்டும். மாமா, முன்னால வாங்க."

தங்கப்பாண்டி ஒரு நொடி மகளைப் பார்த்தார், பிறகு சோணைமுத்துவைப் பார்த்தார். "வாங்க சம்மந்தி. ஆளுதான் சின்னது, கனம் என்ன கனம் கனக்குறா! எம் மடி மரத்துப்போச்சு, வந்து வாங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சோணைமுத்து எழுந்து போன விதம் அவருக்கே தெரியாது. பாயில் உட்கார்ந்தார். கவிப்ரியா தானே பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு ஒதுங்கிப் போகவில்லை, பக்கத்திலேயே மண்டியிட்டு இருந்தாள்.

"எங்கிட்டக் கோவமா மாமா?" என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இல்லத்தா" என்றார்.

குனிந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டே குனிந்தார். காது சின்னதாக, சூடாக உதட்டில் பட்டது. "யுவராணி" என்றார். பிள்ளை வீரிடவில்லை. கன்னத்தில் என்னவோ பட்டதும் தலையைத் திருப்பி, வாயைத் திறந்து, அவர் தாடையில் பால் தேடியது. நரைத்த தாடி முள்ளில் நாக்கு பட்டு முகத்தைச் சுளித்தது, மறுபடியும் தேடியது.

"தாத்தாட்ட பால் இல்லடி" என்று யாரோ சொன்னார்கள். பஞ்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை அழுத்தி உறிஞ்சினாள், நிமிர்ந்தாள்.

"ஏங்க. இப்பச் சொல்லுங்க. வாசம் எப்பிடி இருக்கு?"

சோணைமுத்து பிடித்திருந்த மூச்சை விட்டுவிட்டு, உள்ளே இழுத்தார்.

"பால் வாசம்" என்றார். "கொஞ்சம் வசம்பு."

"அப்பறம்?"

அவர் சரியாகச் சொல்ல வேண்டும் என்று மறுபடியும் குனிந்தார்.